உன் குழலை அப்பா ஏன் அழித்தார்

யெரெவான்,
அக்டோபர் 9

அன்பு மகன் ஸாவென்,

நானும் உன் அப்பாவும் நலம், இன்னும் ஒருவரை ஒருவர் கொன்றுகொள்ளவில்லை என்கிற அளவுக்கு நலம். லியோனில் நீயும் மருமகள் கிளேரும் நன்றாக இருப்பதாக நானே நினைத்துக்கொள்கிறேன், நீ போனை எடுத்தால்தானே தெரியும்! மூன்று மாதமாக அடித்து அடித்து என் விரல்தான் தேய்ந்தது. அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன், எதிர்வீட்டு கரேன் வியாழக்கிழமை விமானம் ஏறுகிறான், அவன் கையில் கொடுத்தனுப்புவேன், கூடவே காயவைத்த ஆப்ரிகாட் ஒரு பை. பையைப் பிரிப்பதற்கு முன்னால் கடிதத்தைப் படி.

உன் கோபம் எதற்கென்று எனக்குத் தெரியாமல் இல்லை. அப்பாவின் எழுபதாவது பிறந்தநாள் விருந்தில் நடந்ததைச் சாத்தெனிக் அத்தை அன்றைக்கே உனக்குப் போன் போட்டு ஓதிவிட்டாள். கோப்பையைத் தூக்கி வாழ்த்துச் சொல்லும் முறை தனக்கு வந்ததும் அவள் எழுந்து, தூரத்தில் இருக்கிற நம் ஸாவெனுக்காக என்று நாலு வார்த்தை நன்றாகத்தான் பேசினாள், பேசிவிட்டு வழக்கப்படி, அடுத்து நீ சொல்லிக் குடி என்று வாழ்த்தைத் தன் அண்ணனான உன் அப்பா பக்கம் தள்ளினாள். இருபது பேர் கோப்பையைத் தூக்கிக்கொண்டு அவரையே பார்க்கிறோம், இந்த மனுஷர் குனிந்த தலை நிமிராமல் மீனில் முள் எடுத்துக்கொண்டிருக்கிறார்! பெத்த பிள்ளை பேரைச் சொல்லிக் கொடுத்த கோப்பையைத் தொடாத அப்பன் இந்த ஊர்ல உண்டாடி என்று அத்தை என்னைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கு மானமே போயிற்று. அது போதாதென்று ஆகஸ்டில், நீ வந்து வாசிப்பதற்காகவே எழுதிய சிம்பொனியில் புல்லாங்குழல் பகுதி முழுவதையும் ரப்பர் வைத்து அழித்தார். இசைக்குழு நடத்துநர் கெகாம் உனக்குப் போன் செய்து, நீங்க வர வேண்டியதில்லை என்றார். நாட்டை விட்டுப் போனவன் என்று அப்பா உன்னைப் பழிவாங்குகிறார் என்றுதான் நீ நினைத்திருப்பாய், நானும் அப்படித்தான் நினைத்து ஒரு வாரம் அவருக்கு வெறும் ரொட்டியும் வெங்காயமும் மட்டும் வைத்தேன்.

கியூம்ரியில் ரொட்டி சுடுகிறவர் வீட்டில் பிறந்து, நாலு சிம்பொனி, பதினோரு படத்துக்கு இசை, அழுகை அதிகம் என்று அந்தக் காலத்து அதிகாரிகள் மூட்டை கட்டி வைத்த ஒரு பாலே நடன இசை, இவ்வளவும் எழுதியவர் உன் அப்பா, சரி. எல்லாவற்றையும் உட்கார்ந்து பிரதி எடுத்தவள் நான், அதை எவனும் மேடையில் சொல்ல மாட்டான், அது போகட்டும். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், இந்தச் சிம்பொனி ஆரம்பத்திலிருந்தே சரியில்லை. இன்றைக்கு எழுதின வரியை நாளைக்குக் கீழ்ச் சுரத்துக்கு இறக்குவார், மறுநாள் இன்னும் கீழே. ஒத்திகை பார்த்த கெகாம், இது சிம்பொனியா, கரடிக்குத் தாலாட்டா அக்கா என்று என்னிடம் கேட்டார்.

போன மாதம் ஒருநாள் காலையில் லவாஷ் ரொட்டி வாங்கக் கீழே போயிருந்தேன். திரும்பி வந்தால் சமையலறையில் கெட்டில் விசிலடித்து விசிலடித்து ஓய்ந்து, தண்ணீர் வற்றி, அடி கருகிக் கிடக்கிறது. இரண்டடி தள்ளி இவர் மேசையில் உட்கார்ந்து முணுமுணுத்துக்கொண்டே பென்சிலால் எழுதுகிறார். பின்னால் நின்று கத்தினேன், திரும்பவில்லை. நாற்பத்தாறு வருஷமாக என் பேச்சைக் கேட்காத மனுஷர், எனக்கு எப்படி வித்தியாசம் தெரியும் சொல்! அப்புறம் கரேனின் அப்பா வாசலில் நின்று என்னுடைய தகரடப்பாக் குரல் மாதிரி இல்லாமல் அடித்தொண்டையில் அப்பாவைப் பார்த்து, என்ன வரஸ்தாத், வீட்டையே கொளுத்திட்டியா என்றார். உடனே இவர் திரும்பிச் சிரிக்கிறார். அப்போதுதான் எனக்குச் சுரீரென்றது. ஆண்களின் குரல் கேட்கிறது, என் குரல் கேட்கவில்லை. அன்றைக்கு விருந்தில் அத்தையின் கீச்சுக் குரலும் கேட்டிருக்காது.

என் வாயசைவு தெரிகிற மாதிரி முகத்துக்கு எதிரே நின்று இரண்டு நாள் மல்லுக்கட்டினேன். ஒன்றுமில்லை என்றார், காதில் அழுக்கு என்றார், டாக்டர் என்ற வார்த்தைக்கே கதவைச் சாத்தினார். மூன்றாம் நாள் தானாகவே வந்து உட்கார்ந்து, மேல சுரம் எல்லாம் போயிடுச்சு அர்பெனிக், அவ்வளவு தூரத்துலேர்ந்து பிள்ளை வந்து என் முன்னாடி நின்னு ஊதி, எனக்கு ஒண்ணுமே கேட்கலைன்னா நான் மூஞ்சியை எங்க வெச்சுக்கறது, அதான் அழிச்சிட்டேன் என்றார். எனக்கு அழுகையும் வந்தது, ஓங்கி ஒன்று போடலாம் என்றும் வந்தது. இதை உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன? அவர் வாயைத் திறக்க மாட்டார், நீ போனை எடுக்க மாட்டாய், நடுவில் நான் கிடந்து சாக வேண்டும். அச்சு அசலாக அப்பாவும் பிள்ளையும்!

அவர் அழித்தால் என்ன, என்னிடம் பழைய பிரதி இருக்கிறது. உன் பகுதியை மறுபடி எழுதி, இருந்த இடத்திலேயே சேர்த்து வைத்தேன். பார்த்துவிட்டு வீடு அதிரக் கத்தினார், இது யாருடைய சிம்பொனி என்றார், பாதி என்னுடையது என்றேன். மறுநாள் காலையில் பார்த்தால் அந்தப் பக்கத்தில் ஒரே ஒரு சுரத்தைப் பென்சிலால் திருத்தியிருக்கிறார். மேலே ஏற்றித் திருத்தியிருக்கிறார், ஸாவென். கெகாமிடம் சொல்லிவிட்டேன், கச்சேரி நவம்பர் 14, உன் இடம் உனக்காகவே இருக்கும்.

வந்து சேர். கிளேரையும் கூட்டி வா, நல்ல கம்பளிக் கோட்டாகக் கொண்டுவரச் சொல். கடவுள் உன் மூச்சையும் விரல்களையும் காக்கட்டும், இந்த வீட்டில் ஒருவருக்காவது புத்தியைக் கொடுக்கட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. அப்பா முதல் வரிசையில் உட்காருவார். வாசித்து முடித்ததும் குழலை அவர் கண்ணில் படுகிற மாதிரி மெதுவாகக் கீழே இறக்கு. நீ முடித்துவிட்டாய் என்று அவருக்கு அப்படித்தான் தெரியும்.

இப்படிக்கு,
இருவருக்கும் நடுவில் அல்லாடுகிற உன் அம்மா,
அர்பெனிக்