முள் இல்லாத வேலி

ஆடி 6, புதன்

மன்னித்துக்கொள் டயரி, ஊரே அடங்கிய பிறகு உன்னைப் பிரிக்கிறேன். பாப்பா இப்போதுதான் தூங்கினாள். ஒரே காற்று. கொடியில் போட்ட துணி பாதி பக்கத்து வீட்டில்.

தோட்டத்துக்கு வேலி போட்டே ஆகவேண்டும். கத்தரி, வெண்டை எல்லாம் பக்கத்து வீட்டு ராணி அக்காவின் ஆடுகளுக்கே சரி. அதைவிடப் பெரிய பயம் பாப்பா. நடக்க ஆரம்பித்துவிட்டாள். தோட்டத்தைத் தாண்டினால் லாரி போகும் ரோடு.

கருவேல முள் வெட்டி அடைக்கலாம் என்கிறார் அவர். முள்ளா? அவள் போய் விழுந்தால்? ஸ்டூலிலிருந்து பாப்பா விழுந்ததற்கு ஸ்டூலையே உடைத்துப் போட்ட மனிதர் சொல்கிற யோசனை.

ஏரிக்கரையில் திருகுகள்ளி மண்டிக் கிடக்கிறது. முள் கிடையாது. ஆடு வாய் வைக்காது. ஒடித்தால் வடியும் பால்தான் ஆபத்து. பி.எஸ்ஸி. தாவரவியல் படித்தவளுக்கு அதுகூடத் தெரியாதா?

நாளை வாங்க: சணல் கயிறு, கையுறை, பாப்பாவுக்கு சளி மருந்து.

ஆடி 7, வியாழன்

நல்ல வெயில். அவர் நைட் ஷிப்ட் முடிந்து வந்த கையோடு இரண்டு வரிசையாகக் குச்சி நட்டுக் கொடுத்துவிட்டுத் தூங்கப் போனார். நடுவில் கள்ளிக் கிளைகளைப் போட்டு அமுக்கிக் கட்டுவது என் வேலை. கையுறை, அவருடைய கூலிங் கிளாஸ், நைட்டிமேல் அவர் சட்டை, தோளில் துண்டு. பாப்பாவை ராணி அக்காவிடம் விட்டிருந்தேன்.

“இன்னாம்மா, வேலி கட்றியா, ஆபரேசன் பண்றியா?” என்றாள் அக்கா.

அத்தைக்குச் சிரிப்பு வரவில்லை. “பால் பட்டா கண்ணு பூடும். பாத்துக்கினு செய்.” மாமியார் என்றால் ஏதாவது சொல்லத்தானே வேண்டும்.

பாதி முடிந்தது. பச்சைச் சுவர் மாதிரி. அழகு.

ஆடி 8, வெள்ளி

திருப்பதி. எங்கள் ஊருக்குக் கிட்டே இருக்கிற கண் ஆஸ்பத்திரி இதுதான். பால் பாட்டிலோடு இந்த நோட்டும் பையில் வந்திருக்கிறது.

சாயங்காலம் அவர் கம்பெனி பஸ் ஏறிய பிறகு வேலியை முடித்தேன். கையுறையைக் கழற்றினேன். முழங்கை வரை சோப்பு. மறுபடியும் சோப்பு. பாப்பா மூக்கு ஒழுக ஓடி வந்தாள். தோளில் இருந்த துண்டால் முகத்தைத் துடைத்தேன்.

கள்ளி வெட்டிய அரிவாளைத் துடைத்த துண்டு.

அப்படி ஒரு கத்தலை நான் கேட்டதில்லை. தாய்ப்பால் விடச் சொன்னாள் அத்தை. நான் குழாயடியில் பிடித்துத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தேன். ஆட்டோ, பிறகு பஸ். ஒருவர் எழுந்து இடம் கொடுத்தார், முகம் நினைவில்லை.

என்ன பட்டது என்று டாக்டர் தெலுங்கில் கேட்டார். செடியின் லத்தீன் பெயர் வாயில் வந்தது. தெலுங்குப் பெயர் வரவில்லை. வலது கண், கருவிழியின் மேல்தோல் போயிருக்கிறதாம். தண்ணீர் ஊற்றியது நல்லதாம். பார்வை பற்றி, காலையில் பார்த்துத்தான் சொல்வாராம். மணிக்கொரு தடவை சொட்டு மருந்து. வீக்கத்தில் இமை திறக்கவில்லை. தூக்கத்திலும் என் நைட்டியைப் பிடித்திருக்கிறாள்.

அத்தை திட்டவில்லை. “நீ கொஞ்சம் துன்னு” என்கிறாள். திட்டியிருக்கலாம்.

அவர் போன் கம்பெனி லாக்கரில். விடிந்துதான் எடுப்பார். வாயால் சொல்ல எனக்கு வராது. இந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புகிறேன்.

என்னங்க, வேலியைப் பாப்பா தொடவே இல்லை. நான்தான், என் துண்டால். வீட்டுக்குப் போகாதீங்க. ராணி அக்கா சொன்னதும் நீங்கள் நேராகத் தோட்டத்துக்குப் போய் அந்த வேலியைப் பிடுங்கி எறிவீர்கள், எனக்குத் தெரியும். கை நிறையப் பாலோடு இங்கே வந்து முதலில் இவளைத்தான் தூக்குவீர்கள். அந்தக் கிளையைத் தொடாதீங்க. பஸ்ஸிலிருந்து நேரே இங்கே வாங்க. பார்த்ததும் உடனே பதில் போடுங்க.