வெடிக்கப் போறோம், அக்கா

அக்கா,

எலுமிச்சம்பழத் தோலால் தேய்த்தேன், பாத்திரம் கழுவும் சோப்பைப் போட்டேன், கடைசியில் கல் உப்பையும் வைத்துத் தேய்த்துவிட்டேன். வலது கை விரல்களில் வெடிமருந்து வாசனை போகிற வழியாக இல்லை. நேற்று தீபாவளி. இன்று காலை வாசலைப் பெருக்கும்போது பார்த்தேன், சிவப்புக் காகிதத் துணுக்குகள் உங்கள் வீட்டு கேட்டுக்கு அடியிலும் போய்க் கிடந்தன. நீங்கள் இருந்திருந்தால், "பிள்ளை, உம்மடை குப்பை என்ரை வாசலுக்கு வந்திட்டுது" என்று ஜன்னலில் நின்றே சொல்லியிருப்பீர்கள். அந்தக் குரல் வரட்டும் என்று வேண்டுமென்றே மெதுவாகப் பெருக்கினேன். வரவில்லை. அதனால்தான் இந்த மடல். சண்டை போட ஆள் இல்லாமல் என் வாய் துருப்பிடித்துப் போவதற்குள் எழுதிவிடுகிறேன்.

நம் முதல் சண்டை நினைவிருக்கிறதா? நாங்கள் கோலாலம்பூருக்கு வடக்கே, இந்த புக்கிட் செந்தோசாவுக்குக் குடிவந்த முதல் தீபாவளி. ஈஜோக் பக்கத்துத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். எலி வளையானாலும் தனி வளை என்று இந்த வரிசை வீட்டை வாங்கியிருந்தோம். அந்தப் பெருமையை நான் சரவெடியில்தான் காட்டினேன். விளக்கு வைக்கிற நேரத்தில் வீட்டுக்கு முன்னால் தார் ரோட்டில் நீளமாக விரித்துக் கொளுத்தினேன். கடைசி வெடி அடங்குவதற்குள் எதிர் வீட்டு கேட் திறந்தது. முகத்தில் பவுடரும் கையில் ஈரத்துணியுமாக நீங்கள் வந்து நின்றீர்கள்.

"ஆன்ட்டி, ஹேப்பி தீபாவளி" என்றேன்.

"ஆன்ட்டி எண்டு சொல்லாதையும். இது என்ன விசர் வேலை?" என்றீர்கள்.

பேச்சைக் கேட்டதுமே தெரிந்துவிட்டது, யாழ்ப்பாணத்துக் குடும்பம். எங்கள் தோட்டத்தில் அந்தப் பேச்சு ஒரே வீட்டில்தான் கேட்கும், தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி வீட்டில். எனக்குள் என்னவோ கொதித்துக்கொண்டு வந்தது. எங்கள் அப்பா மத்தாப்பைக் கையில் எடுத்தாலே முதலில் கிராணி வீட்டுப் பக்கம்தான் பார்ப்பார். அந்தம்மா தூங்குகிறார்களா, விழித்திருக்கிறார்களா? அந்த வீட்டை ஒட்டி வெடிக்கக் கூடாது, கோயில் பக்கம் வெடித்தாலும் சத்தம் போகும், ஆகவே மாட்டுக்கொட்டாய்க்குப் பின்னால் சாணி நாற்றத்தில் நின்றுதான் எங்கள் தீபாவளி. நல்ல நாள் அன்றுகூடத் தன் சந்தோஷத்துக்கு இன்னொருவர் வீட்டு ஜன்னலைப் பார்த்து அனுமதி வாங்கிய மனிதர் அவர்.

அந்த ஆத்திரம் முழுவதும் உங்கள் தலையில் இறங்கியது. "அக்கா, இது எஸ்டேட்டு இல்ல. இங்க கிராணியும் இல்ல, வேலை ஏவுற மண்டோரும் இல்ல. நீங்களும் லோன் கட்டுறீங்க, நாங்களும் லோன் கட்டுறோம். வருஷத்துல ஒரு நாள் லா. பொறுக்க முடியலன்னா காதுல பஞ்ச வச்சுக்குங்க" என்றேன்.

என் வீட்டுக்காரர் பாதியிலேயே உள்ளே போய்விட்டார். நீங்கள் போகவில்லை. "ஒரு நாள் உமக்கு. சீனப் புத்தாண்டுக்கு ஒரு நாள், ஹரி ராயாவுக்கு ஒரு நாள், தைப்பூசத்துக்கு ஒரு நாள். எல்லாரும் ஒவ்வொரு நாள்தான் கேக்கினம். எல்லா நாளும் எங்கடை வீட்டிலைதானே வந்து விழுது" என்றீர்கள். பிறகு என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனீர்கள். நானும் சண்டையை விட மனமில்லாமல் கூடவே வந்தேன்.

முன்னறையில் உங்கள் வீட்டுக்காரர், சார், படுத்திருந்தார். ஊரெல்லாம் சார் என்று கூப்பிட்ட பள்ளி ஆசிரியர், பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்து, பேச்சும் போயிருந்தது. கண்கள் மட்டும் கதவையும் ஜன்னலையும் மாறி மாறிப் பார்த்தன. வாய் ஓரம் வழிந்ததை அந்த ஈரத்துணியால் துடைத்துவிட்டு, நீங்கள் கெஞ்சவும் இல்லை, திட்டவும் இல்லை.

"வெடி கொளுத்த வேண்டாம் எண்டு நான் சொல்லேல்லை, பிள்ளை. கொளுத்த முன்னம் வாசலிலை நிண்டு ஒரு குரல் குடும். இந்த மனுசனுக்குச் சத்தத்துக்குப் பயமில்லை. எப்ப வரும் எண்டு தெரியாததுதான் பயம். நான் கையைப் பிடிச்சுச் சொல்லிவைப்பன்."

எனக்கு உடனே மனம் இளகிவிட்டது என்று எழுதினால் பொய். அப்பா பார்த்த அதே ஜன்னலை நானும் பார்க்க வேண்டுமா என்றுதான் முதலில் தோன்றியது. அதை வாய்விட்டும் சொன்னேன். மாட்டுக்கொட்டாய்க் கதையையும் சொன்னேன். நீங்கள் ஜன்னல் பக்கம் திரும்பினீர்கள். பிறகு, "நானும் கிராணியின்ரை மகள்தான். வேற தோட்டம். லயத்துப் பிள்ளையளோடை சேரக் கூடாது எண்டு அம்மா கதவைப் பூட்டிப்போடுவா. ஜன்னலுக்குப் பின்னாலை நிண்டு நாங்கள் உங்கடை வெடியைத்தான் பாத்துக்கொண்டு நிண்டனாங்கள். ஆருக்கும் நித்திரை இல்லை" என்றீர்கள்.

மறுபடியும் வெளியே வந்தேன். இன்னொரு சரம் இருந்தது. விரித்தேன். உங்கள் கேட்டுக்கு முன்னால் நின்று தொண்டை கிழியக் கத்தினேன்: "வெடிக்கப் போறோம், அக்கா!"

உள்ளிருந்து குரல் வந்தது. "ம், வெடியும்!"

அன்றைக்குத் தொடங்கியது அந்த வழக்கம். அது என்னோடு நிற்கவில்லை. எங்கள் வரிசையில் உங்கள் பதில் வராமல் யாரும் திரியைத் தொட்டதில்லை. மூலை வீட்டுச் சீனர், நீங்கள் ஆஸ்பத்திரித் தாதியாக இருந்தவர் என்பதால், "மிஸ்ஸி, ஓகே ஆ?" என்று லைட்டரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். ராயாப் பெருநாளுக்கு மலாய்ப் பிள்ளைகள், "மக்சிக், போலே?" என்று உத்தரவு கேட்பார்கள். "போலே, போலே" என்று நீங்கள் சொல்வது கடைசி வீடுவரை கேட்கும். எனக்கும் அது தொற்றிக்கொண்டது. நான் வேலை பார்க்கும் ரவாங் தொழிற்சாலையில் அச்சு இயந்திரத்தை ஓட்டுமுன், "ஓட்டப் போறேன்!" என்று குரல் கொடுத்துப் பதில் வந்தால்தான் பொத்தானை அழுத்துவேன். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

ஆனால் நாம் இருவரும் ஒத்துப்போய்விட்டோம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. கடைசிவரை நீங்கள் வெடியைத் தொல்லை என்றுதான் சொன்னீர்கள், நான் சந்தோஷம் என்றுதான் சொன்னேன். "காசைக் கொளுத்திப் புகை பாக்கிற சனம்" என்பீர்கள். "புகைக்குத்தானேக்கா இந்த ஜன்னல்ல வந்து நிக்கிறீங்க" என்பேன். முறுக்குத் தட்டு வரும்போதும் போகும்போதும் அந்தச் சண்டையும் கூடவே வந்து போகும்.

இந்த வருடம் சிவராத்திரி கழிந்து நீங்கள் போய்ச் சேர்ந்தீர்கள். படுத்த படுக்கையாக இருந்த சார் இருக்கிறார், ஓடியாடித் திரிந்த நீங்கள் இல்லை. கோலாலம்பூரில் இருந்த உங்கள் மகன் வேலையை வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்வதாகச் சொல்லி அப்பாவோடு வந்து தங்கினார். நல்ல பிள்ளை. சாருக்கு அவர் கஞ்சி ஊட்டுவதைப் பார்த்திருக்கிறேன், ஒரு சொட்டு சிந்தாது. ஆனால் தீபாவளி நெருங்க நெருங்க நம் தாமான் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழு பற்றி எரிந்தது.

தெருக்கோடிக்குப் புதிதாக வந்த வாலிபன் ஒருவன், "இந்த வருஷம் கம்ப்ளெய்ன் பண்ண ஆள் இல்ல, காலைல இருந்தே போடலாம்" என்று எழுதி, சிரிக்கிற பொம்மையும் போட்டிருந்தான். உங்கள் மகன் அதற்குப் பதிலாக, இந்தத் தாமானில் வெடியே கூடாது, மீறினால் போலீசுக்குப் போவேன் என்று எழுதினார். அதோடு விட்டிருக்கலாம். "அப்பாவை முதியோர் இல்லத்தில் சேர்க்க இடம் பார்த்துவிட்டேன். தீபாவளிக்கு முன்பே கொண்டுபோய்விடுவேன். இந்த இடம் அவருக்கு ஒத்து வராது" என்றும் எழுதியிருந்தார். உடனே அந்த வாலிபன், "அதான் அங்கிளுக்கு நல்லது" என்றான். ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுததாம்.

எனக்கு இரண்டு பேர் மேலும் கோபம். ஒருவன் நீங்கள் போனதைக் கொண்டாடுகிறான், இன்னொருவர் நீங்கள் செய்துவைத்ததைத் தெரியாமலே கலைக்கிறார். அந்தச் சுவர்களையும் அந்த ஜன்னலையும் விட்டால் சாருக்கு வேறு எதுவும் தெரியாது. வேலையிலிருந்து வந்த உடுப்போடு உங்கள் கேட்டைத் தட்டினேன்.

"தம்பி, ஒங்கப்பாவுக்கு வெடி ஒத்துக்காதுன்னு யாரு சொன்னா?"

"ஆன்ட்டி, அவரால தாங்க முடியாது. அம்மா இருந்தாங்க, சமாளிச்சாங்க. எனக்கு அதெல்லாம் தெரியாது" என்றார். அவர் குரல் உடைந்திருந்தது. ஆனாலும் நான் விடவில்லை.

"தெரியாதுல்ல? அப்ப தெரிஞ்சுக்குங்க. இந்தத் தீபாவளிக்கு அவர் இங்கதான் இருக்கணும். நான் அவர் பக்கத்துல ஒக்காருறேன். அவர் கஷ்டப்பட்டா மிச்ச வெடிய நானே வாளித் தண்ணியில போட்டுட்டு, போலீசுக்கு ஒங்களோட நானும் வர்றேன்."

அந்த வாலிபன் வீட்டுக்கும் போனேன். "காலைலேருந்தெல்லாம் கெடையாது. பொழுது சாஞ்சதும், ரோட்டு நடுவுல, குரல் கொடுத்துட்டு. இந்த ரோட்டுல அதான் சட்டம்" என்றேன். யார் போட்ட சட்டம் என்று கேட்டான். எதிர் வீட்டு அக்கா போட்டது என்றேன். அவங்கதான் இல்லையே என்றான். "நான் இருக்கேன்" என்றேன்.

துக்க வீட்டுக்கு எதிரே வெடிக்கலாமா என்று என் வீட்டுக்காரரே இழுத்தார். அந்த ஜன்னலுக்குத் தெரியாத வெடியா என்று அடக்கிவிட்டேன். அவருக்கு உண்மையான கவலை வேறு. நான் உள்ளே உட்கார்ந்தால் அவர்தான் கொளுத்த வேண்டும். ஊதுபத்தியை ஒரு குச்சியில் கட்டி, அந்தக் குச்சியைத் துடைப்பக் கட்டையில் கட்டி, முனீஸ்வரர் கோயிலில் வேல் பிடிக்கிறவர் மாதிரி ரோட்டில் நின்றார்.

நான் சாரின் நல்ல கையைப் பிடித்துக்கொண்டேன். உங்கள் மகன் கைகளைக் கட்டிக்கொண்டு கதவோரம் நின்றார். "சார், வெடிக்கப் போறாங்க. ரோட்டு நடுவுலதான். ஒரு சரம்தான்" என்றேன். நீங்கள் எப்படிச் சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியாது. வெளியிலிருந்து உங்கள் குரலை மட்டும்தானே கேட்டிருக்கிறேன்.

வாசலில் என் வீட்டுக்காரர், எத்தனையோ வருடப் பழக்கத்தில், "வெடிக்கப் போறோம், அக்கா!" என்று கத்திவிட்டார்.

சாரின் கண்கள் ஜன்னலுக்குப் போயின. அவர் காத்திருந்தார் அக்கா. அவர் மட்டுமா, தெருவே காத்திருந்தது. பதில் சொல்ல வேண்டியவள் நான், நானும் அந்த ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன். உங்கள் மேல் எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. இத்தனை பேரைக் குரலுக்குக் காத்திருக்கப் பழக்கிவிட்டு நீங்கள் பாட்டுக்குப் போய்விட்டீர்களே! அந்தக் கோபத்தில்தான் வாய் திறந்தது. "ம், வெடிங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் உங்கள் மகன் திடுக்கிட்டார், சார் திடுக்கிடவில்லை.

சரம் வெடித்தது. சாரின் விரல்கள் என் கையை இறுக்கின, அவ்வளவுதான். முகம் கோணவில்லை. கண்ணை மூடவில்லை. கடைசி வெடி ஓய்ந்ததும் பிடி தளர்ந்தது. அடுத்தது எங்கே என்பதுபோல மறுபடி ஜன்னலைப் பார்த்தார்.

உங்கள் மகன் கட்டியிருந்த கைகளை எடுத்தார். என்னை எழச் சொல்லிவிட்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். "நான் பிடிச்சுக்கிறேன், ஆன்ட்டி. நீங்க போய்க் கொளுத்துங்க. அங்கிள் கொளுத்தினா விடிஞ்சிரும்" என்றார்.

மிச்சம் எல்லாவற்றையும் நான்தான் கொளுத்தினேன். அந்த வாசனைதான் இது. இனித் தேய்க்கப் போவதில்லை, இருக்கட்டும். வெடி தொல்லையா, விளையாட்டா என்று குழுவில் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். இன்று காலை அதில் ஒரே வரி எழுதினேன்: கொளுத்துகிறவர் குரல் கொடுக்க வேண்டும், பதில் வராமல் கொளுத்தக் கூடாது. பிடிக்காதவர்கள் என்னிடம் நேரில் வரலாம், நான் வாசலில்தான் நிற்பேன். உங்கள் மகன் அதற்குக் கட்டைவிரல் பொம்மை போட்டிருக்கிறார். அப்பாவை அனுப்பவில்லை என்று முதியோர் இல்லத்துக்கும் சொல்லிவிட்டாராம்.

நேற்று அடுத்த சரத்தை விரித்துவிட்டு உங்கள் கேட்டுக்கு முன்னால் போய் நின்றேன். வேறு பெயர் வாயில் வரவில்லை. வரவும் வேண்டாம். "வெடிக்கப் போறோம், அக்கா!" என்றேன்.

"ம், வெடியும்!" என்றார் உங்கள் மகன், உள்ளேயிருந்து.