மீன் கத்தியால் வெட்டிய நாவல்

ஃபெக்காம்,
1904 மார்ச் 12

அன்பு மகள் லியோனிக்கு, அம்மா எழுதுவது. இங்கே அப்பாவின் மூட்டுவலியைத் தவிர மற்றபடி எல்லோரும் சுகம், அல்ஜியர்ஸில் நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்க எனக்கு முகமில்லை, இருந்தாலும் பெற்றவள் கேட்காமல் வேறு யார் கேட்பார்கள், அங்கே வெயில் ஏறிவிட்டதா, தொப்பி இல்லாமல் வெளியே போகாதே. தங்கையின் கல்யாணத்துக்கு நீ வரவேண்டாம் என்று போன வாரம் எழுதிப் போட்டேனே, அதைக் கிழித்து அடுப்பில் போட்டுவிடு. ஏன் அப்படி எழுதினேன் என்று சொன்னால்தான் எனக்குச் சாப்பாடு இறங்கும்.

நீ அனுப்பிய உன் நாவலை, அச்சகத்தில் மடித்துத் தைத்தபடியே வந்த தாள்களின் மடிப்பை வெட்டாமல் அப்படியே கணப்பு அடுப்புக்கு மேல் பலகையில் நிறுத்தி வைத்திருந்தேன், புருஷனை விட்டுப் போகிற பெண்ணின் கதையை நான் தொடவில்லை என்று வருகிறவர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று. பங்குச் சாமியார்கூடப் பார்த்துத் தலையாட்டினார். ஆனால் அப்பா துறைமுகத்துக்குப் போனதும் எடுத்து, மடிப்புக்கு வெளியே தெரிகிற பக்கங்களை மட்டும் படிப்பேன், வெட்டினால்தானே பாவம் என்று எனக்கு நானே ஒரு நியாயம். அப்படிப் படித்ததில் ஒரு பக்கத்தில் அந்தப் பெண்ணின் தாய் சாகக் கிடக்கிறாள், வெட்டாமலே கண்ணுக்குத் தெரிந்த அடுத்த பக்கத்தில் மகள் கப்பலில் நின்று சிரிக்கிறாள். வயிறு எரிந்தது லியோனி. அந்தத் தாய் என்னைப் போலவே ரொட்டியைக் காப்பியில் முக்கி உறிஞ்சுகிறாள், வேறு யாராக இருக்கும்? அந்த ஆத்திரத்தில்தான் வரவேண்டாம் என்று எழுதினேன்.

உன் தங்கை ஜெர்மேனுக்குத் தெரிந்ததும் குதித்தாள். "பாதிப் பக்கத்தைப் படிச்சிட்டு அக்காவுக்குத் தீர்ப்பு எழுதிட்டியாம்மா? மிச்சத்தையும் படிச்சிட்டுத் திட்டு, அக்கா வராம நான் கோயிலுக்குள்ள கால் வைக்கமாட்டேன்" என்றாள். கைக்கு அகப்பட்டது மீன் அரியும் கத்திதான், அதிலேயே வெட்டினேன், தாள் ஓரமெல்லாம் பிசிறு, கவிச்சி வேறு, கோபித்துக்கொள்ளாதே. உள்ளே இருந்த பக்கத்தில் அந்தத் தாய் மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து, "எனக்குத்தான் தைரியம் வரல, நீயாவது போடி, அழுத மூஞ்சியோட போகாதே" என்கிறாள். அதனால்தான் அவள் சிரிக்கிறாள். நான் உன்னிடம் அப்படியா சொன்னேன்? நீ புருஷன் வீட்டை விட்டுக் கிளம்பிய அன்று ரயிலடியில் "ஊர் என்ன பேசும், திரும்பிப் போடி" என்றுதானே கத்தினேன். நான் சொல்லாததைச் சொன்னதாக எழுதி என்னை நல்லவளாக்கி வைத்திருக்கிறாய். படித்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதேன், அடுப்பில் சூப்பு தீய்ந்துபோனது.

புத்தகம் இப்போதும் அதே பலகையில்தான் இருக்கிறது, பிசிறு ஓரம் வெளியே தெரியும்படி. எதிர்வீட்டு மதாம் லுப்ரேன் நேற்று வந்தவள், "என்ன மதாம், எலி கடிச்சிடுச்சா?" என்றாள். "எலி இல்ல, நான்தான் கடிச்சேன்" என்றேன். சாமியாரிடமும் நானே சொல்லிக்கொள்கிறேன்.

ஈஸ்டருக்கு அடுத்த சனிக்கிழமை கல்யாணம். நீ வா. கோயிலில் முதல் வரிசையில் என் பக்கத்தில்தான் நீ உட்காரவேண்டும். ரயிலடிக்கு நானே வருகிறேன், அன்றைக்குக் கத்திய அதே இடத்தில் நிற்பேன். மாதா உனக்குத் துணையிருக்கட்டும், தொப்பியை மறக்காதே.

இப்படிக்கு,
உன் நாவலில் வருகிறவளைப் போல் ஆகப் பார்க்கிற
உன் அம்மா எர்னெஸ்தின்