பதிவேட்டில் என் பெயருக்கு எதிரே எழுதியதும் அலெக்சாண்டரும்

அனுப்புநர்
வ. அக்னஸ், க/பெ. வளன்,
மாதா கோயில் தெரு, சவேரியார்பேட்டை,
திண்டிவனம் வட்டம்.

பெறுநர்
மாவட்ட நூலக அலுவலர் அவர்கள்,
விழுப்புரம்.

பொருள்: மாமன்னர் அலெக்சாண்டரைப் பற்றிப் பேசியதில் நான் பொய் சொன்னதாகப் பதிவேட்டில் எழுதியதை அடித்துத் தரக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

13.07.2024 சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு எங்கள் ஊர்ப்புற நூலகத்தில் மகளிர் பேச்சுப் போட்டி நடந்தபோது இருந்தவர்கள்: நூலகர் திரு. விருத்தாசலம், நடுவர்கள் ஓய்வு பெற்ற ஆசிரியர் திரு. ஞானசிகாமணி, திருமதி பானுப்ரியா. பேச வந்த கோவிந்தம்மாள், அமலா, நான். ஆக ஆறு பேர். வாசலில் செருப்பு ஏழு ஜோடி இருந்தது. ஏழாவது ஜோடி யாருடையது என்று இன்றுவரை விளங்கவில்லை.

1. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். மீதியை அந்த நூலகத்தில்தான் படித்தேன். தலைப்பு ‘என்னைக் கவர்ந்தவர்’. நான் அலெக்சாண்டரை எடுத்துக்கொண்டேன். பாலைவனத்தில் படையே தாகத்தில் தவித்தபோது, தமக்கு மட்டும் கொண்டுவந்த தண்ணீரை அவர் எல்லார் கண்ணெதிரிலும் மணலில் ஊற்றிவிட்டார் என்று படித்திருக்கிறேன். வீட்டில் கடைசியாகச் சாப்பிடுகிறவள் என்பதால் அது மனத்தில் நின்றுவிட்டது. முடிக்கும்போது, அவர் பெயர் வேதமாகிய பைபிளிலேயே இருக்கிறது என்று நூலையும் அதிகாரத்தையும் சொன்னேன்.

2. முதல் பரிசு எனக்கு என்றார்கள். பிறகு ஞானசிகாமணி சார் தம் வேதப் புத்தகத்தைப் பையிலிருந்து எடுத்து, நான் சொன்ன பகுதியைத் தேடினார். இல்லை. “ஜெபம் பண்றவங்க நீங்க, வேதத்துல இல்லாதத இருக்குதுன்னு சொல்லலாமாம்மா?” என்றார். பரிசு கோவிந்தம்மாளுக்குப் போனது. புத்தகம் எடுக்கும்போது கையெழுத்துப் போடும் பதிவேட்டிலேயே என் பெயருக்கு எதிரே சிவப்பு மையில் ‘ஆதாரம் பொய்’ என்று எழுதினார்கள்.

3. வீட்டுக்கு ஓடி வந்து பார்த்தேன். என் வேதப் புத்தகத்தில் இருக்கிறது. மறுநாள் பூசை முடிந்ததும் பங்குத் தந்தையிடம் கேட்டேன். கத்தோலிக்கர் வேதத்தில் ஏழு நூல்கள் கூடுதல், சாருடைய சபையாரின் புத்தகத்தில் அவை இல்லை என்றார். நாற்பத்தாறு வயதுவரை வேதம் எல்லாருக்கும் ஒன்றே என்று இருந்துவிட்டேன். சாரும் அப்படியே இருந்திருக்க வேண்டும். அவரும் பொய் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. பிறகு அந்தச் சிவப்பு மை எங்கிருந்து வந்தது?

4. இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. அந்தப் பகுதியை நிதானமாகப் படித்தால், அங்கே அவரைப் புகழவில்லை. மன்னர்களைக் கொன்றார், செருக்கு ஏறியது, படுக்கையில் விழுந்தார் என்றுதான் வருகிறது. தண்ணீரை ஊற்றியவரும் இவரும் ஒரே ஆள்தானா? ஜெபமாலை சொல்லும்போதுகூட இது குறுக்கே வருகிறது. அவரை மெச்சலாமா கூடாதா என்று கேட்டதற்குப் பங்குத் தந்தை சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

ஆகவே பரிசைத் திருப்பிக் கேட்கவில்லை. விழுப்புரத்தில் நடக்கும் மாவட்டப் போட்டிக்குப் போவதற்காகக் கோவிந்தம்மாள் ரவிக்கை தைக்கக் கொடுத்துவிட்டாள், அவளே போகட்டும். அந்த ஒரு வரியை மட்டும் அடித்துத் தர உத்தரவிட வேண்டுகிறேன். நூலகத்தில் எடுத்த அலெக்சாண்டர் புத்தகம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. 27ஆம் தேதிக்குள் திருப்பிக் கொடுத்து, அதே பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். அதற்குள் பதில் எழுதுங்கள் ஐயா.

இடம்: சவேரியார்பேட்டை
நாள்: 22.07.2024

இப்படிக்கு,
வ. அக்னஸ்