உப்பு கேட்டது நாக்கு அல்ல

உங்கள் அக்கா எரியோடு ஊர் முழுவதும் சொல்லிவருவதை முதலில் திருத்திவிடுகிறேன். நீங்கள் இறந்துபோன துக்கத்தில் நான் கறுத்துப்போகவில்லை.

இன்று நார்த்தங்காய் ஜாடியைத் திறந்தேன். அந்தப் புளித்த உப்பு வாசனையில் நீங்கள் எதிரே வந்து உட்கார்ந்துவிட்டீர்கள். உங்கள் கடைசி வருடத்தில், சோற்றைத் தள்ளிவிட்டு ஊறுகாயையே நான் தின்றதைப் பார்த்துச் சிரித்தீர்கள். "ஏ கான்வென்ட்டு, அம்புட்டு உப்பையுமா திங்கிற?" நான் படித்த பள்ளியையே எனக்குப் பெயராக்கியவர் நீங்கள். வயதானால் நாக்கு மரத்துவிடும் என்றேன். "நாக்கு இல்ல புள்ள, உடம்பு கேக்குது" என்றீர்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. தோற்றவர் அதை எழுதித் தரவேண்டும் என்பது நம் வீட்டுச் சட்டம். வழக்கு முடியுமுன் நீங்கள் போய்விட்டீர்கள்.

அதன்பின் எழுந்தால் தலை சுற்றியது. உடம்பு இளைத்தது. விரல் முட்டிகள் கறுத்தன. துக்கந்தான் என்றார்கள் எல்லோரும். "வீட்டப் பூட்டிட்டு சென்னைக்கு வந்துருங்கம்மா, இனிமே தனியா ஏலாது" என்று நம் மகன் பரணிலிருந்து பெட்டியையே இறக்கிவிட்டான். துக்கம் உள்ளங்கை ரேகையைக்கூடக் கறுக்க வைக்குமா என்று கேட்டேன். பதில் தெரியாமல் இந்த வீட்டைப் பூட்ட விடமாட்டேன், டாக்டரிடம் கூட்டிப்போ என்றேன்.

அங்கே ஒரு பெண் டாக்டர் என் கையைப் புரட்டிப் பார்த்தார். "உப்பு நிறையத் தேடுதாம்மா?" என்றார். எனக்கு உங்கள் குரல் கேட்டது.

ரத்தப் பரிசோதனை உறுதிசெய்தது. சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகளில், ஹார்மோன் செய்யும் செல்கள் அழிந்திருந்தன. உப்பை உடம்பில் நிறுத்திவைப்பது அவை செய்யும் ஒரு ஹார்மோன். உடம்பைத் தாக்குப்பிடிக்க வைப்பது இன்னொன்று. இரண்டும் குறைந்ததும், மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி இன்னும் செய், இன்னும் செய் என்று ஆணை அனுப்பிக்கொண்டே இருந்தது. அந்த ஆணை மிகுந்து, தோலின் நிறச் செல்களையும் தூண்டியதில்தான் தோல் கறுத்தது.

இப்போது அந்த ஹார்மோன்களை மாத்திரையாக விழுங்குகிறேன். போன வாரம் தனியாக பஸ் ஏறி எரியோடு போய், உங்கள் அக்காவிடம் கையை நீட்டினேன்.

"ஏத்தா, வெளுத்துட்டியே. துக்கம் போயிருச்சாக்கும்?"

"துக்கம் அப்படியேதான் இருக்கு மதினி. சுரப்பிதான் படுத்துக்கிருச்சு."

பெட்டியை மகனே பரணில் ஏற்றினான். வீட்டுச் சாவி என் இடுப்பில் இருக்கிறது. மாத்திரையை எக்காரணம் கொண்டும் நிறுத்தக்கூடாது என்று எழுதிய அட்டை பர்ஸில் இருக்கிறது. "உடம்பு கேக்குது" என்ற உங்கள் வாக்கியத்தை நினைவில் வைக்க அட்டை தேவைப்படவில்லை.

வழக்கில் நீங்கள் ஜெயித்தீர்கள். சட்டப்படி எழுதித் தந்துவிட்டேன்: கேட்டது உடம்புதான். கிடைத்தது என்று ஒரு வரி எழுதி அனுப்புங்கள்.