எறும்புக்கு வினிகர்

வியாழன், இரவு

இன்று மாசாயில் ஓர் அடுக்குமாடி வீட்டுக்கு எறும்பு மருந்து அடிக்கப் போனேன். கதவைத் திறந்த பெண்ணின் தோளில், பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத குழந்தை. எறும்புச் சாரை சமையலறை ஜன்னலிலிருந்து தொட்டில் கால்வரை வந்திருந்தது.

"சீக்கிரம் அடிச்சிருங்க அண்ணே. நேத்து பிள்ளையோட காதுல கடிச்சிருச்சு," என்று சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

மருந்து அடித்தால் பல மணி நேரம் உள்ளே இருக்கக் கூடாது. பச்சைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எங்கே போவாள்? முதுகிலிருந்த மருந்துத் தொட்டியை இறக்கி வைத்தேன்.

"வீட்டுல வினிகர் இருக்காம்மா?"

என் வீட்டில் செய்வதைத்தான் அங்கேயும் செய்தேன். வினிகரில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து, சாரை வந்த வழி முழுவதையும் துடைத்தேன். ஜன்னலோர விரிசலில் பற்பசையை அப்பினேன். தொட்டிலின் நான்கு கால்களையும் சோப்புத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்தி, தண்ணீரைத் தினமும் மாற்றச் சொன்னேன். முக்கால் மணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன். ஓர் எறும்பும் வரவில்லை.

"அலமாக், இவ்வளவுதானா!" என்று வியந்து சிரித்தாள்.

'பிள்ளை நல்லா தூங்குது அண்ணே' என்று மாலையில் செய்தி அனுப்பியிருந்தாள். அதை மனைவியிடம் மூன்று முறை காட்டிவிட்டேன்.

"மருந்து அடிக்கலைன்னா சூப்பர்வைசர் சும்மா விடுவாராங்க?" என்றாள்.

விடமாட்டார். இருந்தாலும் வேலைத்தாளில் 'பயன்படுத்திய மருந்து' என்ற இடத்தில் 'வினிகர், சோப்பு' என்றே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். வேறு யார் போயிருந்தாலும் மருந்தை அடித்துத் தொட்டியைக் காலி செய்துவிட்டு வந்திருப்பார்கள்.