வளைந்து தெரிந்த வெள்ளைக் கோடு

அக்கா,

ஊசிக்கு முன் கண்ணைச் சுற்றித் தடவும் அந்தப் பழுப்பு மருந்தின் வாடை இன்று காலையும் மூக்கில் ஏறியது. உடனே நீங்கள் நினைவில் வந்து நின்றீர்கள்.

மலேசியாவில், இந்தக் கிள்ளானில் பக்கத்துப் பக்கத்து வீடு நமக்கு. இருவருக்கும் பள்ளி வேன் ஓட்டும் பிழைப்பு, இருவருக்கும் சர்க்கரை நோய். நெடுஞ்சாலையின் வெள்ளைக் கோடு உங்களுக்கு வளைந்து தெரிந்தபோது, "கான்ட்ராக்டர் தண்ணி போட்டுட்டு கோடு போட்டிருக்கான் லா" என்று சிரித்தீர்கள். பிரிக்பீல்ட்ஸ் கடையில் மூக்குக்கண்ணாடியை மாற்றியும் கோடு நிமிரவில்லை. செக்கப்புக்கு முன் மட்டும் சோற்றைத் தொடாமல் பாகற்காய்ச் சாறு குடிப்பீர்கள். "சுகர் ரீடிங் பாத்தியா, எவ்ளோ அழகு!" என்று பெருமையடித்துவிட்டு, கிளினிக்கிலிருந்து நேராக வாழையிலைச் சாப்பாட்டுக்கு இழுத்துப் போவீர்கள். கொழுப்புதான் உங்களுக்கு.

கடைசியில் ஆஸ்பத்திரியில் கண்ணுக்குள் ஊசி போட வேண்டும் என்றார்கள். நான்தான் கூட்டிப் போனேன். மருந்தைத் தடவியதுமே எழுந்து வந்து, கண்ணைச் சுற்றிப் பழுப்பு வட்டத்தோடு வேனில் ஏறிக்கொண்டீர்கள். "கண்ணுலயா குத்துவாங்க? வேணாம் லா, வண்டிய எடு." அப்புறம் நீங்கள் அந்தப் பக்கமே போகவில்லை. பார்வை போனது, வேனை விற்றீர்கள். பிறகு சிறுநீரகமும் கெட்டு, நீங்களும் போய்விட்டீர்கள்.

எனக்கும் கோடு வளைந்தபோது ஆடிப்போனேன். வேன் இல்லாமல் எனக்கு ஏது பிழைப்பு? ஓடிப்போய்க் காட்டினேன். சர்க்கரையால் விழித்திரையின் மெல்லிய இரத்த நாளங்கள் கெட்டு அங்கே இரத்த ஓட்டம் குறைந்தால், கண்ணே ஒரு புரதத்தை அதிகமாகச் சுரக்குமாம். புது நாளம் வளர்க்கத்தான் அது வருகிறது. ஆனால் இருக்கிற நாளங்களையும் கசியவிட்டு, பார்வையின் நடுவிடத்தையே வீங்க வைத்துவிடுகிறது. உதவிக்கு வந்தவன் வீட்டையே நனைத்த கதைதான். ஊசி மருந்து அந்தப் புரதத்தைப் பிடித்துக் கட்டிப்போடுமாம். முதல் மருந்தில் எனக்கு வீக்கம் சரியாக வடியவில்லை. இன்னொரு புரதத்துக்கும் இதில் பங்கு இருக்கலாம் என்று, இரண்டையும் தடுக்கும் மருந்துக்கு டாக்டர் மாற்றினார்.

இன்று ஸ்கேனைப் பார்த்துவிட்டு, "நல்லா வடிஞ்சிருக்கு ஆன்டி. வேன் ஓட்டலாம், ஆனா ஊசிய விட்டுடாதீங்க" என்றார். அப்பாடா! வாய்விட்டு அழுதேன், வெட்கமே இல்லாமல்.

வெளியே ஓர் அம்மா கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வாசலையே பார்த்தபடி இருந்தார். முதல் ஊசி போலிருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்தேன். "மரத்துப்போக சொட்டு விடுவாங்க அக்கா. லேசா அழுத்துற மாதிரி இருக்கும், அவ்ளோதான்" என்றேன். பெயரைக் கூப்பிட்டதும் அவர் எழுந்து உள்ளே போனார்.

ஒவ்வொரு முறையும் யாராவது ஒருவரிடம் இதைச் சொல்லிவிடுகிறேன். உங்களிடம் சொல்ல அன்று எனக்கே தெரியவில்லை அக்கா, அது வலிக்காது என்று.